வேலியாய் வந்த முள்: தூத்துக்குடி வட்டாரத்தில் சீமைக் கருவேலத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

விறகுக்கும் வேலிக்கும் உகந்ததெனக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் தூத்துக்குடி வட்டாரத்தின் தரிசுகளிலும் குளங்களிலும் உப்பளக் கரைகளிலும் வேரூன்றியுள்ளது. அதன் வருகை, பெயர் வழக்கு, பரவல், கரித்தொழில் ஆகியவற்றை ஆராயும் இக்கட்டுரை, அம்மரத்தின் பரவல் நிலப் பயன்பாட்டு மாற்றத்தின் விளைவு என்பதையும், அதனை அகற்றுவது வாழ்வாதாரச் சிக்கலையும் உள்ளடக்கியது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சீமைக் கருவேலம், வேலிக்காத்தான், உடை, கரிமூட்டம், தூத்துக்குடி

முன்னுரை

மேற்கு ஐரோப்பாவின் கோர்ஸ் என்னும் முட்புதர் மஞ்சள் நிறப் பூக்களை உடையது. ஆங்கிலேயர் வழியாக நீலகிரிக்கு வந்த அச்செடி இன்று அம்மலையின் புல்வெளிகளை ஆக்கிரமித்துள்ளது. தென்கோடிக் கடற்கரைச் சமவெளியில் அதற்கு இணையான வரலாறு உடையது சீமைக் கருவேலம். இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெட்டினால் மீண்டும் தழைப்பவை. விதைகளை நெடுங்காலம் மண்ணில் காத்துவைப்பவை. நீலகிரியில் கோர்ஸை நம்பிப் பெருந்தொழில் எதுவும் வளரவில்லை. சமவெளியிலோ சீமைக் கருவேலத்தை நம்பி ஒரு தொழிலே உருவாகியுள்ளது.

வருகை

சீமைக் கருவேலத்தின் தாயகம் மத்திய, தென் அமெரிக்க நிலப்பகுதிகளும் கரீபியத் தீவுகளுமாகும். சென்னை மாகாண வனப் பாதுகாவலர் ஆர். எச். பெட்டோம் இதன் விதைகளை வேண்டி 1876இல் அரசுக்கு எழுதினார்; 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அவை விதைக்கப்பட்டன. வறண்ட நிலத்தில் விரைந்து வளரும் விறகு மரம் என்பதே அதன் மதிப்பாக இருந்தது. சென்னை மாகாணத்தில் இருப்புப்பாதைகள் பெருகி, எரிபொருள் தேவை உயர்ந்த காலம் அது. தூத்துக்குடிக்குத் தொடர்வண்டி வந்ததும் 1876ஆம் ஆண்டிலேயே. காமராசர் ஆட்சிக் காலத்தில்தான் (1954–1963) இம்மரம் தமிழகத்துக்கு வந்தது என்னும் பரவலான நம்பிக்கையை இவ்வாண்டுகள் மறுக்கின்றன. பிற்காலத்தில் நடந்த பரவலை முதல் வருகையாகக் கொண்டதன் விளைவு அந்நம்பிக்கை எனலாம்.

பெயர்களே சான்று

'சீமை' என்பது முதலில் எல்லையையும் நாட்டுப்பகுதியையும் குறித்தது. சிவகங்கைச் சீமை என்னும் வழக்கு இதற்குச் சான்று. ஆங்கிலேயர் காலத்தில் அச்சொல் கடல்கடந்த நாட்டையும், அங்கிருந்து வந்த பொருளையும் குறிக்கலாயிற்று. சீமையெண்ணெய், சீமைச் சுண்ணாம்பு ஆகியவற்றின் வரிசையில் சீமைக் கருவேலமும் சேர்ந்தது. உள்நாட்டுக் கருவேலத்தை நன்கறிந்த மக்கள் புதியதை அதன் உறவாக எண்ணிப் பெயரிட்டனர். கருவேலத்தின் பூ உருண்டையானது, பொன்மஞ்சள் நிறத்தது. சீமைக் கருவேலத்தின் பூ இளமஞ்சள் கதிராக நீள்வது. 'வேலிக்காத்தான்' என்னும் மற்றொரு பெயர் பயன்பாட்டைச் சுட்டுவது. ஆடு மாடுகளிடமிருந்து வெள்ளாமையைக் காத்த நன்றி அப்பெயரில் பதிந்துள்ளது. இன்றைய அரசு ஆவணங்களில் அதே மரம் 'அயல் ஆக்கிரமிப்புத் தாவரம்' எனப்படுகிறது. பிறப்பிடத்தால் ஒரு பெயரும் பணியால் ஒரு பெயரும் பெற்ற மரம், குற்றச்சாட்டால் மூன்றாம் பெயரைப் பெற்றிருக்கிறது.

பரவல்

வேலியில் நின்ற மரம் வயலுக்குள் புகுந்ததற்கு அதன் இயல்பு மட்டும் காரணமன்று. இனிப்பான நெற்றுகளைத் தின்ற கால்நடைகள் சாணத்தின் வழியே விதைகளைப் பரப்பின. ஆயினும் விதை முளைத்து மரமாக, உழாத நிலம் வேண்டும். மானாவாரி வேளாண்மை நலிந்தது. குளங்களும் கண்மாய்களும் தூர்வாரப்படாமல் கிடந்தன. உழைப்பாளர்கள் கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலுக்கும் வெளியூர்களுக்கும் சென்றனர். அவ்வாறு கைவிடப்பட்ட நிலத்திலேயே முள் நிறைந்தது. உவர்மண்ணைத் தாங்குவதால் உப்பளங்களின் ஓரங்களிலும் அது தழைத்தது. குடை போல் விரியும் உடைமரம் தென்தமிழகத்துக்கும் இலங்கைக்கும் உரியது; அதன் வாழிடத்தையும் இம்மரம் நெருக்குகிறது.

கரித்தொழில்

விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் கூலி தந்தது கரிமூட்டம். வெட்டிய கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் கொண்டு மூடி, காற்றைக் கட்டுப்படுத்திப் பல நாள் புகையவிட்டுக் கரியாக்குவர். விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் கிடைக்கும் இவ்விளைச்சல் நிலமற்றோருக்கும் வேலை தந்தது. நிலவுடைமையாளருக்கோ தரிசே வருவாய் தரும் நிலமாயிற்று. மீண்டும் உழவேண்டிய தேவையை அவ்வருவாய் குறைத்தது. வறட்சியில் சோறு போட்ட மரமே வேளாண்மை திரும்பும் வழியையும் அடைத்தது.

இம்மரத்தை வேரோடு அகற்ற வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இன் தொடக்கத்தில் வலியுறுத்தியது. அவ்வாண்டிலேயே அப்பணிக்கு இடைக்காலத் தடை வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. இவ்விவாதங்களில் இம்மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்னும் கூற்றும் எழுந்தது. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. உள்நாட்டுத் தாவரங்களை நெருக்குவதும் நீர்நிலைகளை அடைப்பதுமே மெய்யான கேடுகள். அகற்றுவதற்கு அவையே போதிய காரணங்கள்.

முடிவுரை

சீமைக் கருவேலத்தின் வரலாறு அரசின் எரிபொருள் தேவையில் தொடங்கி, உழவரின் வேலியில் வளர்ந்து, கைவிடப்பட்ட நிலத்தில் நிலைபெற்றது. மரத்தை மட்டும் வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். வேரோடு பறித்தாலும் உழவு திரும்பாத நிலத்தில் விதை முளைக்கும். குளத்தைச் சீரமைத்தல், உடை முதலிய உள்நாட்டு மரங்களை நடுதல், கரித்தொழிலாளர்க்கு மாற்று வாழ்வாதாரம் அளித்தல் ஆகிய மூன்றும் உடன் நிகழும்போதே அகற்றல் நிலைக்கும். இவ்வட்டார வேளாண் வரலாற்றை எழுதுவோர் சீமைக் கருவேலக் காடுகளையும் ஓர் ஆவணமாகக் கொள்ளலாம். எந்த நிலத்தில் உழவு நின்றது என்பதை அவை காட்டுகின்றன.