வளர்ச்சியின் வாயில்

யன்னலோரத்தில் வைத்த செடி வெளிச்சத்தை நோக்கி வளைதலை யாவருங் கண்டிருப்பர். கண்ணும் நரம்பும் இல்லாத செடி திசையறிந்து வளர்வது எங்ஙனம்? இச்சிறு வினாவுக்கு விடைகாண அறிஞருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாள்ஸ் டார்வினும் அவர் மைந்தர் பிரான்சிசும் புல்லின நாற்றுக்களை ஆராய்ந்து 1880 ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டனர். நாற்றின் நுனியை ஒளிபுகா மூடியால் மறைத்தால் அது வளைவதில்லை. ஒளியை உணர்வது நுனி. வளைவது அதன் கீழ்ப்பகுதி. ஆகவே, ஏதோவொரு தூண்டல் மேலிருந்து கீழே செல்லுதல் வேண்டுமென அவர்கள் துணிந்தனர். பின்னர், ஒல்லாந்தரான பிரிட்ஸ் வென்ற் என்பார் ஓட்ஸ் நாற்றின் நுனியைக் கொய்து அகர்ப் பாளத்தின்மீது வைத்தார். அப்பாளத்தை நுனியற்ற நாற்றின் ஒருபுறத்தே அமர்த்தியபோது, நாற்று மறுபுறமாக வளைந்தது. தூண்டல் ஓர் இரசாயனப் பொருளே என்பதை 1928 இல் வெளிவந்த அவர் ஆய்வு நிலைநாட்டிற்று. ஓட்சின் எனப் பெயர்பெற்றது அப்பொருளே.

பொருள் கிடைத்தது, திசைக்குக் காரணம் கிடைத்திலது. தண்டின் துண்டைத் தலைகீழாக நிறுத்தினும் ஓட்சின் நுனியிலிருந்து அடிநோக்கியே செல்கின்றது. 1974 இல் ருபெரி, ஷெல்ட்ரேக் ஆகிய இருவரும், அடுத்த ஆண்டில் ரேவனும் இதற்கு விளக்கமளித்தனர். கலத்தின் வெளியே அமிலத்தன்மை மிகுதியாதலின், ஓட்சினின் ஒரு பகுதி மின்னேற்றமின்றி நின்று மென்சவ்வை எளிதிற் கடக்கும். உள்ளே அமிலத்தன்மை குறைவாதலின், அது அயனாகிச் சிறைப்படும். வெளியேற வாயில் வேண்டும். அவ்வாயில் கலத்தின் அடிப்புறத்தே மட்டும் அமையுமாயின், ஓட்டமும் அடிநோக்கியே நிகழும். கருத்தளவில் நின்ற இவ்வாயில் 1998 இல் கட்புலனாயிற்று. அராபிடோப்சிஸ் என்னும் கடுகினச் சிறுசெடியிலே, 'பின் 1' என்ற புரதம் கலங்களின் அடிப்புற மென்சவ்விற் செறிந்திருத்தலை யேர்மனிய ஆய்வாளர் காட்டினர்.

அவ்வாயிலை அவ்விடத்தே நிறுத்துவது யாது? வேரின்றி உருச்சிதைந்து தோன்றும் சில அராபிடோப்சிஸ் முளையங்களைக் கேர்ட் யூர்கென்ஸ் குழுவினர் 1991 இல் விவரித்தனர். அவற்றிற் பழுதுற்றிருப்பது 'நோம்' என்னும் மரபணு. அம்முளையங்களிலே பின் 1 ஒழுங்கின்றிக் கிடத்தல் 1999 இல் அறியப்பட்டது. நோம் புரதமோ, கலத்தினுட் பொருள்களைச் சுமந்து செல்லும் புடகங்கள் என்னும் நுண்ணிய சவ்வுப் பைகள் உருவாதற்கு உதவுவது.

பங்கசிலிருந்து பெறப்படும் பிரெபெல்டின் ஏ என்னும் நஞ்சு புடகப் போக்குவரத்தைத் தடுப்பது. 2001 இல் அதனை வேர்க் கலங்களுக்கு ஊட்டியபோது, பின் 1 மென்சவ்வை விட்டுக் கலத்தினுள்ளே திரண்டது. நஞ்சைக் கழுவியதும் மீண்டும் தன்னிடஞ் சேர்ந்தது. எனவே, அவ்வாயில் சுவரிற் பதித்த கல்லன்று. இடையறாது உட்சென்று மீள்வதாம். அந்நஞ்சு பற்றாதவாறு நோம் புரதம் மாற்றப்பெற்ற செடிகளிலே பின் 1 தன்னிடம் விட்டு அகலவில்லை என்பது 2003 இல் தெளியப்பட்டது.

இவ்வோயாத போக்குவரத்தாற் பயன் யாது? 2002 இல் வெளிவந்த வேறோர் ஆய்வு விடை தருகின்றது. வேரைச் சாய்த்துக் கிடத்தினால், வேர்நுனிக் கலங்களிலுள்ள 'பின் 3' என்னும் வாயில் சில நிமிடங்களிற் கீழ்ப்பக்கத்துக்கு மாறுகின்றது. ஓட்சின் அப்பக்கத்தே மிகுந்து வளர்ச்சியைக் குறைக்க, வேர் மண்ணை நோக்கி வளைகின்றது. வாயில் அசையாது நின்றிருப்பின், சாய்ந்த வேர் சாய்ந்தவாறே வளர்ந்திருக்கும்.

டார்வின் கண்ட வளைவும் வென்ற் கண்ட பொருளும் புடகங்களின் போக்குவரத்தோடு இவ்வாறு இணைந்தன. நின்றவிடத்தே நிற்கும் செடி தன் திசையைக் காப்பது, அதன் கலங்களினுள்ளே ஓயாது நிகழும் அசைவினாலேயே ஆகும்.