தகுதி நிரூபணமான பின்னும்: ஒன்டாரியோவில் நர்ஸ் பிராக்டிஷனர் பணியின் வரலாறு

மருத்துவத்துக்குள் ஒரு புதிய பணிநிலை வரும்போது எல்லோரும் முதலில் கேட்பது "இவர்களால் இது முடியுமா?" என்பதைத்தான். நர்ஸ் பிராக்டிஷனரைப் பற்றியும் அதையேதான் கேட்டார்கள். செவிலியர் படிப்புக்கு மேல் கூடுதல் பயிற்சி பெற்று, நோயாளியைத் தாமே பரிசோதித்து, நோய் இன்னதென்று கண்டு, மருந்து எழுதித்தரும் உரிமையும் பெற்றவர் இவர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தக் கேள்விக்கு 1974ஆம் ஆண்டிலேயே ஆய்வின் வழியாகப் பதில் கிடைத்துவிட்டது. முடியும் என்பதே பதில். ஆனால் அதன்பின் பத்தாண்டு முடிவதற்குள் அந்தப் பணிக்கான படிப்புகள் நின்றுபோயின. தகுதி நிரூபணமான ஒரு பணி ஏன் நிலைக்கவில்லை? திறமை பற்றிய சான்று எவ்வளவு வலுவாக இருந்தாலும், அந்த உழைப்புக்கு யார், எந்த முறையில் பணம் தருகிறார்கள் என்பதே முதல்நிலை மருத்துவத்தில் இவருடைய இடத்தைத் தீர்மானித்திருக்கிறது என்பது என் வாதம். சட்ட உரிமைகூட அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது.

பணியின் தோற்றத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் 1965இல் முதல் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். கனடாவில் வேலை முன்பே நடந்துகொண்டிருந்தது, பெயர்தான் இல்லை. மருத்துவர்கள் போய்த் தங்காத வடக்குப் பகுதியின் செவிலியர் நிலையங்களில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததும், காயத்துக்குத் தையல் போட்டதும், பிரசவம் பார்த்ததும் செவிலியர்களே. அவர்களுக்காக ஹாலிஃபாக்ஸின் டல்ஹவுசி பல்கலைக்கழகம் 1967இல் ஒரு படிப்பைத் தொடங்கியது. ஒன்டாரியோவில் ஹாமில்டன் நகரின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1971இல் அதே வழியில் இறங்கியது. மத்திய அரசு அமைத்த பூட்ரோ குழு, இப்பணிநிலையை நாடு முழுவதும் வளர்க்க வேண்டும் என்று 1972இல் பரிந்துரைத்தது.

மக்மாஸ்டர் ஆய்வாளர்கள் நல்ல எண்ணத்தோடு நின்றுவிடவில்லை. வால்டர் ஸ்பிட்சரும் டேவிட் சாக்கெட்டும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஹாமில்டனை அடுத்த பர்லிங்டனில், இரண்டு குடும்ப மருத்துவர்கள் நடத்திய பெரிய மருத்துவமனை ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். அங்கு வந்துபோன 1,598 குடும்பங்களைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தனர். 1,058 குடும்பங்கள் வழக்கம்போல் மருத்துவரிடம் சென்றன. 540 குடும்பங்களுக்கு முதலில் பார்ப்பவர் நர்ஸ் பிராக்டிஷனர். தேவைப்பட்டால் அவர் மருத்துவரைக் கலந்துகொள்வார். 1971 ஜூலை முதல் 1972 ஜூலை வரை இது நடந்தது. ஒரு புதிய மாத்திரையைச் சோதிக்கும் அதே கண்டிப்போடு ஒரு புதிய பணிநிலையைச் சோதித்தார்கள். அன்றைக்கு அது மிக அரிது. சான்றுவழி மருத்துவம் என்று பின்னாளில் பெயர்பெற்ற இயக்கத்தின் முன்னோடிகளில் சாக்கெட் ஒருவர் என்பதை நினைத்தால், இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

முடிவுகள் தெளிவாக இருந்தன. செவிலியரிடம் வந்தவற்றில் 67 சதவீதச் சந்திப்புகளை அவர் மருத்துவரைக் கேட்காமலே முடித்தார். இறப்பு, உடலியக்கம், மனநிலை, சமூக வாழ்க்கை எதிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தென்படவில்லை. முன்கூட்டியே வரையறுத்த சில நோய்நிலைகளில் சிகிச்சை போதுமானதாக இருந்ததா என்று மதிப்பிட்டபோது மருத்துவர் பிரிவில் 66 சதவீதமும் செவிலியர் பிரிவில் 69 சதவீதமும் தேறின. மருந்து எழுதியதன் பொருத்தத்தில் மருத்துவர் பிரிவு 75, செவிலியர் பிரிவு 71. இந்த எண்களை நான் வெற்றி தோல்வியாகப் படிக்கவில்லை. நல்ல பெயருள்ள ஒரு குடும்ப மருத்துவமனையிலும் மூன்றில் ஒரு பங்குச் சிகிச்சை மதிப்பீட்டில் தேறவில்லை என்பதுதான் எனக்கு முதலில் படுகிறது. செவிலியரை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ அதே அளவுகோல் மருத்துவர்மீதும் விழுந்த அபூர்வமான தருணம் அது.

ஆய்வின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஒரே மருத்துவமனை, இரண்டு மருத்துவர்கள், இரண்டு செவிலியர்கள், ஓராண்டு, வசதி குறையாத ஒரு புறநகர். இரு செவிலியரின் திறமையிலிருந்து ஒரு பணிநிலையின் திறமையை நேரடியாக முடிவு கட்ட முடியாது. ஓராண்டில் இறப்பு விகித வேறுபாடு வெளிப்படும் என்று எதிர்பார்க்கவும் இயலாது. ஆனால் இக்குறைகளைக் காட்டி அந்தப் பணியை யாரும் நிறுத்தவில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் பின்னர் நடந்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது.

நிறுத்தியது எது என்பதற்கான குறிப்பு, பர்லிங்டன் முடிவுகளை வெளியிட்ட 1974 கட்டுரையிலேயே உள்ளது. புதிய முறை சமூகத்தின் பார்வையில் செலவுக்கேற்ற பலன் தந்தது. மருத்துவர்களின் பார்வையில் வருமானம் தரவில்லை. மருத்துவமனையின் மொத்த வருவாய் 5 சதவீதம் குறைந்தது. காரணம் எளிது. ஒன்டாரியோ 1969இல் பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தது. மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தால் அந்தப் பார்வைக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கும். அதே நோயாளியைச் செவிலியர் தனியே பார்த்து அனுப்பினால் கொடுக்காது. அதாவது, செவிலியர் எந்த அளவுக்குத் திறமையாகத் தனித்து வேலை செய்கிறாரோ அந்த அளவுக்கு அவரை வேலைக்கு வைத்திருக்கும் மருத்துவருக்கு நட்டம். அவர் தடுமாறி ஒவ்வொரு முறையும் மருத்துவரை அழைத்தால் கணக்கு நேராகிவிடும்! திறமையைத் தண்டிக்கும் இப்படிப்பட்ட அமைப்பில் எத்தனை நல்லெண்ணம் இருந்தாலும் ஒரு பணி வேர்பிடிக்காது.

1983 வாக்கில் படிப்புகள் பெரும்பாலும் மூடப்பட்டன. ஸ்பிட்சர் 1984இல், பர்லிங்டன் முடிவுகள் வெளிவந்த அதே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், ஒரு நல்ல கருத்து மெல்ல மெல்லச் சாவதைப் பற்றித் தலையங்கமே எழுதினார். தம் ஆய்வு மெய்ப்பித்த ஒன்று கண்ணெதிரே கரைவதைக் கண்ட ஒருவரின் ஆதங்கம் அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது.

வேறு காரணங்களும் சொல்லப்படுவதுண்டு. மருத்துவர் எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. நர்ஸ் பிராக்டிஷனருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. இரண்டும் உண்மை. ஆயினும் எல்லா இடத்திலும் இப்பணி சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வடக்கின் செவிலியர் நிலையங்களில் தொடர்ந்தது. அங்கே அவர்களுக்கு மத்திய அரசின் மாதச் சம்பளம். மருத்துவர்கள் போக மறுத்த இடம் என்பதால்தானே அது நிலைத்தது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்கான பதில் ஒன்டாரியோவின் சமூக சுகாதார மையங்களில் இருக்கிறது. அவை நகரங்களிலும் இருந்தன. மருத்துவர்களும் அங்கே வேலை செய்தார்கள். சட்டக் குறையும் மற்ற இடங்களைப் போலவே அங்கும் இருந்தது. ஆனால் மையத்துக்கு அரசு மொத்தமாக நிதி ஒதுக்கியது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் சம்பளம். செவிலியர் தனித்து வேலை பார்த்தால் யாருடைய வருமானமும் குறையவில்லை. அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் தாக்குப்பிடித்தார். சட்டமும் பயிற்சியும் ஒன்றாக இருந்து, பணம் வரும் வழி மட்டும் மாறியபோது விளைவும் மாறியது என்பதே என் வாதத்துக்கான முதன்மைச் சான்று.

மருத்துவர் மிகுதி என்ற எண்ணம் 1993இல் மருத்துவக் கல்லூரி இடங்களைக் குறைக்க வைத்தது. சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகி, குடும்ப மருத்துவர் கிடைக்காத குடும்பங்கள் பெருகின. மூடிய படிப்பை ஒன்டாரியோ மீண்டும் திறந்தது. 1998இல் நடைமுறைக்கு வந்த சட்டம் நர்ஸ் பிராக்டிஷனருக்கு நோயறிதலைச் சொல்லவும், சில சோதனைகளுக்கு எழுதவும், மருந்து எழுதவும் உரிமை தந்தது. ஆனால் மருந்து ஒரு பட்டியலுக்குள் அடங்க வேண்டும். பட்டியலில் ஒரு புதிய மருந்தைச் சேர்க்க விதியையே திருத்த வேண்டும். நோயாளிக்கு எது தேவை என்று தெரிந்தும் எழுத முடியாமல் இன்னொருவரின் கையெழுத்துக்குக் காத்திருந்த அந்த ஆண்டுகள் 2011இல்தான் பெரும்பாலும் முடிந்தன.

சட்டம் வந்த பிறகும் பயிற்சி முடித்த பலருக்கு வேலை கிடைக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமை இருந்தது, சம்பளம் தர ஆள் இல்லை. இந்த முடிச்சை அவிழ்த்தது 2007இல் சட்பரி நகரில் திறந்த, நர்ஸ் பிராக்டிஷனர்களே தலைமையேற்று நடத்தும் மருத்துவமனை. கனடாவில் இவ்வகையில் அதுவே முதல். குடும்ப மருத்துவர் இல்லாதவர்களைப் பதிவு செய்துகொண்டது. அரசு நேரே நிதி தந்தது, செவிலியர்களுக்குச் சம்பளம். மருத்துவர் ஆலோசகராக வந்துபோனார். யார் யாரை அழைக்கிறார் என்ற வரிசை மாறியதே தவிர, மருத்துவர் வெளியேற்றப்படவில்லை. பிறகு மாகாணம் முழுவதும் இவ்வகை மருத்துவமனைகள் இருபதுக்கு மேல் எழுந்தன.

இதற்கிடையே உலகில் சான்றுகள் சேர்ந்துகொண்டே வந்தன. நியூயார்க்கில் 1,316 நோயாளிகளை வைத்து மேரி முண்டிங்கர் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், நர்ஸ் பிராக்டிஷனர், மருத்துவர் ஆகிய இரு தரப்புக்கும் ஒரே அதிகாரமும் ஒரே பொறுப்பும் தரப்பட்டன. ஆறு மாதத்தில் உடல்நிலையில் வேறுபாடு இல்லை. இரத்த அழுத்த நோயாளிகளில் கீழ் அளவு செவிலியர் பக்கம் 82, மருத்துவர் பக்கம் 85. முதல்நிலை மருத்துவத்தில் மருத்துவருக்குப் பதிலாகச் செவிலியர் என்ற பொருளில் 18 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும், உடல்நலப் பலன் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கக்கூடும் என்றே முடித்தது. அதில் ஒன்றைத் தவிர எல்லாம் பணக்கார நாடுகளில் நடந்தவை. ஆகவே அதை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்துவது தவறு.

அந்த மதிப்பாய்வில் நான் அதிகம் பொருட்படுத்துவது வேறொன்று. செவிலியரின் சந்திப்பு நீளமானது. நோயாளிகளின் திருப்தியும் அங்கே கூடுதல். ஆதரவாளர்கள் பலர் இப்பணியை மலிவான மருத்துவர் என்று விற்றுவிட்டார்கள். அது பிழையான வாதம். நேரம் கூடுவதால் சம்பள மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். சர்க்கரை நோயாளி ஏன் மாத்திரையை நிறுத்தினார், வீட்டில் யார் சமைக்கிறார், இரவுப்பணிக்குப் போகிறவர் எந்த வேளை ஊசி போடுகிறார் என்றெல்லாம் கேட்க நேரம் வேண்டும். முதல்நிலை மருத்துவத்தில் சிகிச்சையே பெரும்பாலும் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. மருத்துவருக்கு இணையா என்று மட்டும் அளக்கும் ஆய்வு இதைக் கண்டுகொள்ளாது.

பணம் வரும் வழியைச் சீர்செய்யாமல் விட்டதன் விளைவு அண்மையில் இன்னொரு வடிவில் வெளிப்பட்டது. காப்பீட்டுத் திட்டத்தில் நர்ஸ் பிராக்டிஷனரின் சேவைக்குக் கட்டணம் இல்லாததால், நோயாளியிடமே சந்தா வசூலிக்கும் தனியார் மருத்துவமனைகள் தோன்றின. மருத்துவர் செய்தால் சட்டவிரோதமான வசூல், செவிலியர் செய்தபோது தடையின்றி நடந்தது. கனடாவின் சுகாதார அமைச்சர் 2025 ஜனவரியில் மாகாணங்களுக்கு எழுதிய கடிதம், மருத்துவர் செய்தால் காப்பீட்டுக்குள் வரும் சேவையை நர்ஸ் பிராக்டிஷனர் செய்தாலும் பொதுநிதியே ஏற்க வேண்டும் என்றது. 2026 ஏப்ரல் 1 முதல் அது பொருந்தும் என்றும் அறிவித்தது. ஆல்பர்ட்டா மாகாணம் முந்திக்கொண்டு, குடும்ப மருத்துவரின் ஊதியத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் என்ற கணக்கில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் தனியே மருத்துவமனை நடத்த 2024இல் வழி திறந்தது.

இதே கேள்வி இந்தியாவிலும் எழுந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவின்படி, சமூக சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் வழங்க இடம் தருகிறது. முதல்நிலை, நோய்த்தடுப்பு மருத்துவத்தில் மட்டும் அவர் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதலாம். மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. விவாதம் முழுவதும் தகுதியைச் சுற்றியே நடந்தது. அந்தப் பிரிவு செவிலியரைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை, ஊதிய முறையைத் தொடவும் இல்லை. ஒன்டாரியோவின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் விடுபட்டுப்போன அந்த இரண்டுமே முதலில் பேசப்பட்டிருக்க வேண்டியவை.

கனடாவில் இனி மிஞ்சியிருப்பது, பொதுநிதி எந்த வடிவில் வரும் என்ற கேள்வி. மாகாணங்கள் பார்வைக்கு இவ்வளவு என்ற பழைய முறையையே நர்ஸ் பிராக்டிஷனருக்கும் விரித்துவிடக்கூடும். நிர்வாகத்துக்கு அதுதான் எளிது. அப்படிச் செய்தால் நீண்ட சந்திப்பு அவருக்கும் நட்டமாகும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைப் பார்த்து அனுப்புகிறார் என்பதே அவருடைய வருமானமாகிவிடும். சட்பரியின் சம்பள முறையோ, பதிவு செய்த நோயாளிகளின் தலைக்கணக்கில் நிதி தரும் முறையோதான் அந்த நேரத்தைக் காக்கும். அதிலும் முதியவருக்கும், நாள்பட்ட நோயுள்ளவருக்கும் கூடுதலாகக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் அதிக நேரம் தேவைப்படும் நோயாளிகளே முதலில் திருப்பி அனுப்பப்படுவார்கள்.