ஆறு மாசம் ஸ்பெயின், ஆறு மாசம் பிரான்ஸ்: பிடசோவா ஆறு எங்கே ஓடுது? எல்லை எப்படிப் பிரியுது?

ஐரோப்பாவின் எல்லை ஆறுகள் என்றால் ரைன், டான்யூப் போன்ற பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்பெயினையும் பிரான்ஸையும் பிரிக்கும் பிடசோவா 70 கி.மீ நீளம்கூட இல்லாத சின்ன ஆறு. அதிலும் எல்லையாக இருப்பது கடைசி 10 கி.மீ அளவுதான்.

எங்கே பிறக்குது?

ஸ்பெயினின் நவார்ரா பகுதியில், பிரனீஸ் மலைத்தொடரின் மேற்கு முனையில் பிறக்கிறது. எர்ராட்சு கிராமத்தின் அருகே மலை ஓடைகள் சேர்ந்து 'பஸ்டான்' என்ற பெயரில் ஓடத் தொடங்குகின்றன. எலிசோண்டோ ஊரைத் தாண்டி, ஒரோனோஸ்-முகைரி பக்கம் வந்த பிறகுதான் 'பிடசோவா' என்ற பெயர் வருகிறது. அதாவது ஆறு ஒன்றுதான், பெயர்தான் ரெண்டு.

துணை ஆறுகள் எவை?

* எஸ்குர்ரா: மேற்கிலிருந்து வந்து டோனெஸ்டெபே ஊரில் சேர்கிறது.
* ட்சிமிஸ்டா: எச்சலார் பக்கமிருந்து வருகிறது. பாஸ்க் மொழியில் இதற்கு 'மின்னல்' என்று பொருள்.
* ஒனின்: லெசாகா ஊரின் நடுவே ஓடி வருகிறது.
* என்டாரா: இதில் கட்டப்பட்ட சான் அந்தோன் அணைதான் இருன், ஒண்டார்ரிபியா நகரங்களுக்குக் குடிநீர் தருகிறது.

எல்லாமே மலையிலிருந்து சரசரவென இறங்கும் குட்டை ஆறுகள். அட்லாண்டிக் காற்றால் இங்கே மழையும் அதிகம். அதனால் பெருமழை பெய்தால் தண்ணீர் மட்டம் கிடுகிடுவென ஏறிவிடும். எலிசோண்டோவை 1913-லும் 2014-லும் வெள்ளம் புரட்டிப்போட்டது.

எல்லைக்கோடு எங்கே?

என்டார்லட்சாவைத் தாண்டியதும் ஆறு எல்லையாகிறது. 1856-ல் கையெழுத்தான பயோன் ஒப்பந்தப்படி, கடல்நீர் வடிந்திருக்கும் நேரத்தில் முதன்மை நீரோட்டத்தின் நடுப்பகுதிதான் எல்லைக்கோடு. இந்தப் பகுதியில் மீன்பிடி உரிமை கரையோர ஊர்க்காரர்களுக்கு மட்டுமே. ஸ்பெயின் கரையில் இருன், ஒண்டார்ரிபியா, பிரான்ஸ் கரையில் ஆண்டாய் நகரங்கள் இருக்கின்றன. நடுவே ட்சிங்குடி விரிகுடா வழியாக ஆறு பிஸ்கே கடலில் கலக்கிறது.

அந்தத் தீவு யாருக்குச் சொந்தம்?

ஆற்றின் நடுவே சுமார் 200 மீட்டர் நீளத்தில் 'ஃபெசன்ட் தீவு' இருக்கு. ரெண்டு நாட்டுக்கும் சொந்தம்! பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை ஸ்பெயின், ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 31 வரை பிரான்ஸ் பொறுப்பு. யாரும் குடியிருக்கவில்லை. சிறப்பு நாட்கள் தவிர பொதுமக்களுக்கு அனுமதியும் இல்லை.

ஏன் இந்த ஏற்பாடு? 1659 நவம்பர் 7-ம் தேதி இரு நாட்டுப் போரை முடித்த பிரனீஸ் ஒப்பந்தம் இங்கேதான் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசா, பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயியை மணப்பதற்காக இங்கே ஒப்படைக்கப்பட்டார். அந்தச் சந்திப்பின் நினைவாகவே தீவு பொதுவாக வைக்கப்பட்டது.

இப்போ என்ன பிரச்னை?

இரு நாடுகளும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால், பாலத்தைத் தடையின்றிக் கடக்கலாம் என்பதே பொது விதி. ஆனால் 2015 பாரிஸ் தாக்குதல்களுக்குப் பிறகு பிரான்ஸ் எல்லைச் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. பாலத்தில் திருப்பி அனுப்பப்படும் ஆப்பிரிக்க இளைஞர்கள் சிலர் ஆற்றில் இறங்குகிறார்கள். எதிர்க்கரை கண்ணெதிரே தெரிவதால் நீந்திடலாம்னு தோணும். ஆனால் கடல் ஏற்ற இறக்கத்தால் இங்கே நீரோட்டம் மாறிக்கொண்டே இருக்கும். 2021 முதல் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

தீவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சண்டையின்றிக் கைமாற்றிக்கொள்ளும் இரு நாடுகளுக்கு நடுவே, சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய ஆறு இன்னும் உயிரைக் குடித்துக்கொண்டிருக்கிறது.