கோட்டுப் பைக்கு அளவெடுத்த கட்டை

1960 வாக்கில் வீட்டில் குரலைப் பதிவுசெய்ய ரீல் டேப் ரிக்கார்டர்தான் கதி. தூக்கவே ஓர் ஆள் வேண்டும். நாடாவின் நுனியைப் பிடித்து, ஹெட் வழியாக நுழைத்து, காலி ரீலில் சுற்றிவிட வேண்டும். கை நழுவினால் நாடா தரையெல்லாம் உருண்டோடும்.

பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் பிலிப்ஸ் தொழிற்சாலையில் புதிய கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்த டச்சுப் பொறியாளர் லூ ஒட்டன்ஸுக்கு இந்த அவதி பொறுக்கவில்லை. தன் கோட்டுப் பைக்குள் அடங்கும்படி ஒரு மரக்கட்டையை வெட்டினார். கருவி இந்த அளவுக்குள்தான் இருக்க வேண்டும் என்றார். மியூசியத்துக்குப் போயிருக்க வேண்டிய கட்டை. ஒருநாள் வழியில் கார் டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு அடியில் முட்டுக்கொடுத்து, அப்படியே தொலைந்துபோனதாகச் சொல்வார்கள்.

அந்தக் கட்டையின் அளவிலிருந்து பிறந்த கேசட் 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியானது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை; ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பேச்சைப் பதிய அது போதும், சங்கீதத்துக்குப் போதாது என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். ஆனால் மற்ற கம்பெனிகளும் அதே அளவில் கேசட் செய்துகொள்ள பிலிப்ஸ் கட்டணமில்லாமல் அனுமதித்தது. எவர் கேசட்டும் எவர் கருவியிலும் பாடியது. அது ஜெயித்ததற்கு நாடாவின் தரத்தைவிட இதுதான் காரணம் என்பேன்.

நம்மூரில் 80-களில் அது செய்த வேலை தனி. அதுவரை பிடித்த பாட்டைக் கேட்க நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு வானொலிப் பக்கத்தில் காத்திருக்க வேண்டும். இப்போது ரெக்கார்டிங் கடையில் பட்டியலும் காலி கேசட்டும் கொடுத்தால் போதும். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி. கடைசியில் மிஞ்சிய இடத்தில் கடைக்காரர் தன் ரசனைக்கு ஒன்றைச் சேர்ப்பார்; சில சமயம் அது முதல் சரணத்தோடு நின்றுபோகும். அந்தக் கேசட்டில் பழகியவர்களுக்கு ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது வாயில் தானாக வரும், அது வேறு படப் பாட்டாக இருந்தாலும்.

வளைகுடாவுக்குப் போனவர்கள் ஊருக்கு ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் வாங்கி வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் அதன்முன் உட்கார்ந்து மகனுக்குப் பேசியனுப்பினார்கள்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னத் தக்கைகள் உண்டு. உடைத்துவிட்டால் பதிவை அழிக்க முடியாது. கம்பெனிக் கேசட்டில் அவற்றை உடைத்தே விற்பார்கள். ஜனங்கள் அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்து, மேலேயே பதிந்தார்கள். காப்புரிமைச் சட்டப்படி ரெக்கார்டிங் கடைகள் செய்ததில் பெரும்பகுதி தப்பு. அதைப் பற்றிக் கவலைப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

ஒட்டன்ஸ் பிறகு பிலிப்ஸில் காம்பாக்ட் டிஸ்க் உருவாக்கத்திலும் பங்கெடுத்தார். 1982-ல் அது விற்பனைக்கு வந்தபோது, கேட்பவரால் அதில் எதையும் அழிக்கவோ பதியவோ முடியாது. பாட்டுக் கம்பெனிகளுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.