இணைப் பகா எண்கள்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். அவற்றுள் இரண்டே வேறுபாட்டுடன் அடுத்து நிற்பன சில: 11, 13, 17, 19, 29, 31 போல்வன. இவை இணைப் பகா எண்கள்.

மலாக்கா மாநிலத் தோட்டங்களில் பால்மர நிரைகளைக் கண்டு வளர்ந்த மாணாக்கர்க்கு இவற்றின் அமைப்பை விளக்குவது எளிது. வரிசைக்கு ஆறு மரமாக நட்டு, 1 முதல் தொடர்ந்து எண்ணிட்டு வருவதாகக் கொள்க. மேலிருந்து கீழாகச் செல்லும் நிரைகளுள் 2, 4, 6ஆம் நிரைகளில் இரட்டைப்படை எண்களே அமையும். 3ஆம் நிரையில் மூன்றின் மடங்குகள். ஆகவே 2, 3 நீங்கலாகப் பகா எண்கள் யாவும் முதல் நிரையிலும் ஐந்தாம் நிரையிலுமே இடம்பெறும். 5, 7 தொடங்கி ஒவ்வோர் இணையும் ஓர் ஆறாம் மரத்தின் இருபுறமும் காவல் நிற்கக் காணலாம். எந்த மரத்திற்கு இக்காவல் வாய்க்கும் என முன்கூட்டிக் கூறும் எளிய விதி மட்டும் காணப்பட்டிலது.

100க்குள் 8 இணைகள், 1,000க்குள் 35, 10,000க்குள் 205, பத்து இலட்சத்துக்குள் 8,169. எண் பெருகப் பெருக இணைகள் அருகுகின்றன. பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நிறுவினார். இணைகளுக்கும் முடிவில்லை என்றே அறிஞர் நம்புகின்றனர், நிறுவினார் எவருமிலர்.

நம்பிக்கைக்கும் நிறுவலுக்கும் உள்ள தொலைவை இராமானுசனும் அறிய நேர்ந்தது. சென்னைத் துறைமுக அலுவலக எழுத்தராக 1913இல் ஹார்டிக்கு எழுதியபோது, பகா எண்களின் தொகையைக் கணிக்கும் வாய்பாடு தம்மிடம் உண்டென்றார். சிறிய எண்களுக்கு அது வியக்குமாறு பொருந்தியது. ஆயினும் அவர் கருதிய துல்லியம் அதற்கு இல்லை. சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டை அவர் அப்போது அறியாமையே காரணம் என ஹார்டி பின்னர் எழுதினார். இராமானுசன் பிழையே செய்யாதவர் என மேடைகளில் கூறுவதுண்டு. அஃது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. அவரே 1919இல், ஓர் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே பகா எண் உண்டு என்பதை மிகச் சுருங்கிய வழியில் நிறுவினார். ரஷ்ய அறிஞர் செபிஷேவ் முன்னரே நிறுவியதுதான் அது. இராமானுசன் மேலும் சென்று, 41 முதல் எந்த எண்ணை எடுப்பினும் அதன் பாதிக்கும் அதற்கும் இடையே ஐந்து பகா எண்களேனும் உண்டு என்பது போன்ற எல்லைகளையும் வரையறுத்தார்.

அடுத்தடுத்த எண்களின் உறவை ஆராய்ந்த மற்றொரு தமிழர் 1901இல் பிறந்த சிவசங்கரநாராயண பிள்ளை. இவர் பெயரைப் பள்ளிகளில் கேட்பது அரிது. தொடர்ந்து வரும் 16 எண்கள் வரை எத்தொடரை எடுப்பினும், மற்றவற்றோடு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றேனும் அதில் இருக்கும் என அவர் நிறுவினார். பதினேழில் இது முறிகிறது. 2184 முதல் 2200 வரை மாணாக்கரே சோதிக்கலாம்: 2189க்குத் துணை 2200, பொதுக் காரணி 11, 2197க்குத் துணை 2184, பொதுக் காரணி 13. பிள்ளையவர்கள் 1950இல் அமெரிக்கக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் எகிப்தில் நிகழ்ந்த விமான விபத்தில் மறைந்தார்.

2013இல் யிட்டாங் சாங் என்பார், ஏழு கோடிக்கு உட்பட்ட வேறுபாடுடைய பகா எண் இணைகள் முடிவின்றி உள என நிறுவினார். பலர் கூடி உழைத்து ஏழு கோடியை 246 ஆக்கினர். அது இன்னும் 2 ஆகவில்லை.