நீலவால் பஞ்சுருட்டான்

நீலவால் பஞ்சுருட்டான் (மெரோப்ஸ் பிலிப்பினஸ்) பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்துண்ணும் வலசைப் பறவை. 1767இல் லின்னேயஸ் இதற்கு அறிவியற் பெயரிட்டார். இலங்கையின் தாழ்நிலங்களுக்குச் செப்டெம்பர் அளவில் வந்து ஏப்ரலில் திரும்பும். இரணைமடுக் குளத்து நீர் பாயும் உருத்திரபுரம் போன்ற வன்னி வயலூர்களில், பெரும்போகம் நடக்கும் மாதங்களே இதைக் காண ஏற்ற காலம்.

அடையாளம்

நடுவால் இறகுகள் நீங்கலாக 23 முதல் 26 செ.மீ. நீளம் இருக்கும். உடல் பச்சை, இடுப்பும் வாலும் தெளிந்த நீலம். நடுவால் இறகுகள் இரண்டும் ஊசியாக நீண்டிருக்கும். கண் சிவப்பு, அதனூடே கரும்பட்டையொன்று ஓடும். மோவாய் மஞ்சள், தொண்டை செம்பழுப்பு. அலகு கறுத்து, நீண்டு, கீழ்நோக்கி வளைந்திருக்கும். பறக்கையில் சிறகின் உட்புறம் செம்பு நிறமாகத் தெரியும். ஆண் பெண் வேறுபாடு தோற்றத்தில் இல்லை. இளம் பறவைகள் நிறம் மங்கியவை.

ஒத்த இனங்கள்

ஆண்டு முழுவதும் வன்னியில் வாழும் பச்சைப் பஞ்சுருட்டானுக்கும் கண்பட்டையும் ஊசிவாலும் உண்டு. ஆனால் அது உருவில் சிறியது. வால் பச்சை, தொண்டைக்குக் கீழே கருங்கோடு. செந்தலைப் பஞ்சுருட்டானின் உச்சந்தலையும் பிடரியும் செம்பழுப்பு. அதற்கு ஊசிவால் இல்லை. அரிதாக வரும் நீலக்கன்னப் பஞ்சுருட்டானின் வாலும் பச்சையே. ஆகவே கண்பட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. தொண்டையையும் வாலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எதிர்வெயிலில் கம்பியில் இருக்கும்போது எல்லாம் கறுப்பாகவே தெரியும். இரைக்காக எழும்பித் திரும்பும் கணத்தில் இடுப்பின் நீலம் பளிச்சிடும்.

உணவு

மின்கம்பியிலோ பட்ட கிளையிலோ காத்திருந்து தும்பி, குளவி, தேனீ ஆகியவற்றைப் பாய்ந்து பிடிக்கும். பிடித்ததும் இருந்த இடத்துக்கே திரும்பி, இரையைக் கிளையில் அடித்துக் கொல்லும். கொடுக்குள்ள பூச்சியானால் அதன் பின்புறத்தைக் கிளையில் தேய்த்து நஞ்சை வெளியேற்றிய பின்பே விழுங்கும். செரியாத ஓடுகளை உருண்டையாகக் கக்கிவிடும்.

இனப்பெருக்கமும் பாதுகாப்பும்

மணற்பாங்கான கரைகளில் வளை தோண்டிக் கூட்டமாகக் கூடமைக்கும். வெண்ணிற முட்டைகள் 5 முதல் 7 வரை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இலங்கையின் கிழக்கிலும் சில கூட்டங்கள் இனம் பெருக்குகின்றன. கரையை வெட்டி மணல் அள்ளினால் ஒரு கூட்டத்தின் கூடுகள் அத்தனையும் ஒருசேர அழிந்துபோகும். எனவே வளைகள் காணப்படும் கரைகளைக் குஞ்சுகள் பறந்து செல்லும்வரை தொடாமல் விடுவதே இப்பறவைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.