எட்டாம் வேற்றுமையில் ஒரு பாதிரியார்

ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் சபைப் போதகரை 'டோமினீ' என்பார்கள். டச்சுக்காரர்கள் கொண்டுபோன சொல், அவர்களுக்கு லத்தீன் கொடுத்தது. லத்தீனில் 'டோமுஸ்' வீடு. 'டோமினுஸ்' வீட்டுக்கு உடையவன், எஜமான். இலங்கைப் பெயர்களுக்கு முன்னால் வருகிற 'டொன்' கூட இந்த வேரில் முளைத்ததுதான், அது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது.

சரி, 'டோமினுஸ்' எப்படி 'டோமினீ' ஆச்சு? ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை. விடை நம்ம இலக்கணத்தின் எட்டாம் வேற்றுமையில் இருந்தது. 'டோமினே' என்பது விளி, 'ஐயா!' என்று கூப்பிடுவது. கல்விக்கூடங்களில் லத்தீன் புழங்கிய காலத்தில் படித்தவர்களை அப்படி அழைத்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு விளியே பெயராக உறைந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் அதே சொல் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தது. நாம் 'ஐயா வந்துட்டாரா?' என்று கேட்கிறோமே, அந்த மாதிரிதான்.

பதவிக்கு 'பிரெடிகான்ட்' என்று இன்னொரு பெயரும் உண்டு. பிரசங்கிப்பவர் என்று அர்த்தம். அது வேலையைச் சொல்கிறது. டோமினீ மரியாதையைச் சொல்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமே 'டோமினீக்குக் காப்பி வேணுமா?' என்று கேட்பது அங்கே பழைய பழக்கம். 'நீங்கள்' என்பதுகூட மரியாதைக் குறைவு!

அந்த மரியாதைக்கு விலையும் இருந்தது. 1948இல் நிறவெறிக் கொள்கையோடு ஆட்சிக்கு வந்த பிரதமர் மலான் ஒருகாலத்தில் டோமினீயாக இருந்தவர். அவருடைய டச்சு சீர்திருத்த சபையிலேயே டோமினீயாக இருந்தார் பெயெர்ஸ் நௌடே. ஷார்ப்வில் படுகொலை அவரைக் குடைந்தது. 1963இல், இனவேறுபாடு பார்க்காத கிறிஸ்தவ நிறுவனம் ஒன்றின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அதையும் போதகர் தகுதியையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்றது சபை. ஜோகன்னஸ்பர்க்கில் தன் சபையாருக்குக் கடைசிப் பிரசங்கம் செய்துவிட்டு அங்கியைக் கழற்றினார். சொந்த சனமே அவரைத் துரோகி என்றது. 1977இலிருந்து 1984வரை அரசாங்கம் அவர்மேல் தடையாணை போட்டது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக்கூடாது.

சபை பறித்த விளிக்குப் பதிலாக ஜனங்கள் வேறொரு விளி கொடுத்தார்கள்: 'ஊம் பெய்'. ஊம் என்றால் மாமா. அந்தச் சொல்லின் பழைய ஜெர்மானியப் பொருள் தாய்மாமன்.